பாடவும் பதியவும் ஒரே மைக்: சிங்கப்பூரில் எதை வாங்கலாம், எங்கே வைக்கலாம்

சனிக்கிழமை சமூக மன்ற மேடையில் பாட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் படுக்கையறையில் அதே பாட்டைப் பதிந்து அனுப்ப வேண்டும். நடுவில் மிருதங்கம் கற்கும் பிள்ளைக்குத் தேர்வு ஒலிப்பதிவு எடுத்துக்கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரே மைக் போதுமா, அதுவும் 200 வெள்ளிக்குள்?

போதும். கருவிகளுக்கென்று செய்த டைனமிக் கார்டியாய்டு மைக் ஒன்றை வாங்குங்கள். டைனமிக் என்றால் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்டு இயங்குவது; கார்டியாய்டு என்றால் முன்னால் வரும் ஒலியையே முக்கியமாகக் கேட்பது. எந்த மைக் என்று பெயர் சொல்லிக் கேட்டால், ஷ்யூர் எஸ்எம் 57. பளபளப்பான பெரிய ஸ்டூடியோ மைக்கின் படத்தைப் பார்த்து மனம் அலைபாயும்போது இந்தக் கறுப்புக் குச்சி கண்ணில் படாமல் போவது இயல்புதான். ஆனால் நம் தீவின் வீடு, மேடை, காற்று மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மைக்காக இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

57 விற்பனைக்கு வந்தது 1965ல். மேடையில் எல்லாரும் பிடித்துப் பாடும் உருண்டைத் தலை எஸ்எம் 58 அடுத்த ஆண்டு, 1966ல் வந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே வடிவமைப்புதான். பெரிய வித்தியாசம் தலையில் இருக்கிறது. 58ன் கம்பிவலை உருண்டை, பாடுபவரின் உதட்டை ஒலித்தகட்டிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளியே நிறுத்திவிடும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு மூச்சுக் காற்றையும் தடுக்கும். 57ல் அந்த உருண்டை கிடையாது. கருவிக்கு மிக அருகே கொண்டுபோகலாம், இடுக்கான இடத்திலும் நுழைக்கலாம். அதனால்தான் 57ஐ முதலில் சொல்கிறேன்: அதன் மேல் ஒரு ஸ்பாஞ்சு உறையை மாட்டினால் பாட்டுக்கு ஆகும். 58ஐ மிருதங்கத்துக்கு வைக்க முடியாது என்றில்லை, ஆனால் அந்த உருண்டை இடத்தை அடைக்கும்.

எண்களையும் பார்த்துவிடுவோம். 57 பிடிக்கும் எல்லை 40 ஹெர்ட்ஸ் முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. 5,000, 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மேடு இருக்கிறது, அதாவது அங்கே ஒலி சற்றுத் தூக்கலாக விழும். வயலின் வில்லின் உரசல், மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையின் சாப்பு, பாட்டின் வல்லின எழுத்துகள் எல்லாம் துலங்குவது அந்தப் பகுதியில்தான். கூட்ட இரைச்சலிலும் சாகித்தியம் புரிவதற்கு அந்த மேடு உதவும். ஏற்கெனவே கீச்சென்று இழுக்கும் வயலினை அது இன்னும் கூர்மையாக்கும் என்பதும் உண்மை. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி மெல்லச் சரியும். ஆனால் மைக்கை நெருங்க நெருங்க அடிக்கனம் திரும்ப ஏறிவிடும். பெரும்பாலான கார்டியாய்டு மைக்குகளுக்கு உள்ள குணம் இது. ‘என் குரல் மெலிதாக விழுகிறது’ என்று மிக்சரில் பாஸ் குமிழைத் திருப்புவதற்கு முன் நான்கு விரற்கடை நெருங்கிப் பாடிப் பாருங்கள்.

ஸ்டூடியோக்களில் பார்க்கும் கண்டென்சர் மைக் (மின்னேற்றிய தகட்டால் ஒலியைப் பிடிப்பது) அறைச் சத்தத்தை எல்லாம் இழுத்துக்கொள்ளும், டைனமிக் இழுக்காது என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். ஒரே கார்டியாய்டு வடிவமுள்ள ஒரு கண்டென்சரையும் ஒரு டைனமிக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்கு ஏற்றிக் கேட்டால், அறை ஒலி கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில்தான் இருக்கும். அறை எவ்வளவு கேட்கிறது என்பதை முக்கியமாகத் தீர்மானிப்பது, வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம். டைனமிக்கின் நன்மை வேறு: அதன் வாயருகே நின்று முழுக் குரலில் பாடினாலும் அது திணறாது, மூச்சு ஈரத்துக்கும் அஞ்சாது. நெருங்கிப் பாடுகிறோம்; அதனால் அறை பின்வாங்குகிறது. ஆகவே 57ஐ வாங்கி அதை அரை மீட்டர் தள்ளி வைத்துப் பாடினால் என்ன கிடைக்கும்? ஓடு பதித்த தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலிக்கும் அதே குளியலறைச் சத்தம்தான்.

ஈரப்பதம் இன்னொரு காரணம். இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். கண்டென்சரின் ஒலித்தகடு மின்னேற்றத்தில் வேலை செய்வது. அதில் ஈரம் படிந்தால் பொரிகடலை வெடிப்பதுபோலப் படபடக்கும், சில நேரம் ஒலியே இறங்கிப்போகும். ஏசி அரங்கிலிருந்து கொண்டுவந்து திறந்தவெளி மேடையில் உடனே மாட்டும்போது இது அதிகம் நேரும். குளிர்ந்த உலோகத்தில் நீர் பூக்கும். டைனமிக்கில் காந்தமும் கம்பிச்சுருளும்தான். இந்தத் தொல்லை அதற்கு இல்லை.

பாட்டுக்கு வைக்கும்போது

57ஐப் பாட்டுக்குப் பயன்படுத்த ஏ2டபிள்யூஎஸ் என்ற ஸ்பாஞ்சு உறை ஷ்யூரிலேயே கிடைக்கிறது. உறை இல்லாமல் 57ஐ வாயருகே வைக்கவே வைக்காதீர்கள். ‘ப’ வரும் இடமெல்லாம் தொம்தொம் என்று இடிக்கும். அதிலும் தமிழ்ப் பாட்டின் பகரம் உதட்டைப் பிரித்துவிட்டு ஓரளவு அடங்கிப் போகிற ஒலிதான். தெலுங்கு, சமஸ்கிருதக் கீர்த்தனைகளில் மூச்சோடு சேர்ந்து வெளியே தள்ளும் ஒலிகள் கூடுதல். ஒலிச் சோதனையில் ‘ஹலோ, ஒன், டூ’ என்று சொல்வதைவிட, அன்று பாடப்போகும் பாட்டிலேயே மூச்சுத் தள்ளும் வரி எதுவோ அதைப் பாடிப் பாருங்கள். இடித்தால் மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல், மூக்கு உயரத்துக்கு ஏற்றி, உதட்டை நோக்கிச் சாய்த்து வையுங்கள். காற்று கீழே போய்விடும், குரல் மைக்குக்குப் போகும். கூடவே மிக்சரில் அடி ஒலியை வெட்டும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸ் லோ கட் பொத்தானை அழுத்திவிடுங்கள்.

தூரம் மேடையில் 5 முதல் 8 சென்டிமீட்டர், வீட்டில் பதியும்போது 10 முதல் 15. ஐந்திலிருந்து பத்துக்குத் தள்ளினால் 6 டெசிபெல் குறையும். மேல் ஸ்தாயியில் பஞ்சமம் தொடும்போது பழக்கப்பட்ட பாடகர்கள் தலையைச் சற்றுப் பின்னால் எடுப்பது இதனால்தான். ஆனால் கமகத்தின் நடுவே தலையை ஆட்டுபவர்களுக்கு ஒரு சங்கதி உரத்தும் அடுத்த சங்கதி மங்கியும் விழும். அப்படிப்பட்டவர் என்றால் இன்னும் ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வைத்து, அடிக்கனம் கொஞ்சம் குறைவதைப் பொறுத்துக்கொள்வதே மேல்.

கெயின் கணக்கு

57ஐ வாங்கியவர்களின் முதல் புகார், ‘சத்தமே வரவில்லை’. மைக்கில் பழுது இல்லை. 94 டெசிபெல் ஒலிக்கு 57 தருவது 1.6 மில்லிவோல்ட். அதே ஒலிக்கு ஆடியோ டெக்னிக்கா ஏடி 2020 என்ற கண்டென்சர் சுமார் 14 மில்லிவோல்ட் தரும். அதாவது 19 டெசிபெல் கூடுதல். அந்த வித்தியாசத்தை உங்கள் இன்டர்ஃபேஸோ (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மிக்சரோ ஈடுகட்ட வேண்டும். மைக்கின் ஒலியை இப்படி ஏற்றித் தரும் அளவுதான் கெயின். முழுக்குரலில் நெருங்கிப் பாடினால் 40, 45 டெசிபெல் கெயினே போதும், எந்த மலிவு இன்டர்ஃபேஸும் அதைச் சிரமமில்லாமல் தரும். மெல்லப் பேசுவதை ஒரு சாண் தள்ளிப் பதிந்தால் 60க்கு மேல் தேவைப்படும். அங்கேதான் கெயின் குமிழை முழுதாகத் திருப்பி, பின்னணியில் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். இன்டர்ஃபேஸ் வாங்கும்போது பெட்டியில் மைக் கெயின் எத்தனை டெசிபெல் என்று பாருங்கள். 56 இருந்தால் பாட்டுக்கும் தாளக் கருவிக்கும் சரி; வீணையையும் பதிவதாக இருந்தால் 65க்கு மேல் உள்ளதைத் தேடுங்கள். இடையில் மாட்டும் கிளவுட்லிஃப்டர் போன்ற கருவி 25 டெசிபெல் ஏற்றித் தரும். ஆனால் அதன் விலைக்கு நல்ல இன்டர்ஃபேஸுக்கே மாறிவிடலாம் என்பது என் எண்ணம்.

பதியும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அளவு வைப்பதற்குப் பல்லவியின் முதல் வரியைப் பாடிப் பார்க்காதீர்கள். பாட்டிலேயே உச்சமான இடத்தைப் பாடுங்கள். மிருதங்கம் என்றால் தீர்மானத்தை முழுக் கையோடு வாசிக்கச் சொல்லுங்கள். அந்த உச்சம் மைனஸ் 10 டெசிபெல் பக்கத்தில் நின்றால் போதும். சிவப்பைத் தொட்டுவிட்ட ஒலியைப் பிறகு எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது. குறைவாக விழுந்ததை ஏற்றிக்கொள்வது எளிது.

மிருதங்கம்

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இணையத்தில் கிடைக்கும் மைக் குறிப்புகள் பெரும்பாலும் கிட்டாரையும் டிரம் செட்டையும் வைத்து எழுதப்பட்டவை. மிருதங்கத்தின் இரண்டு முகங்களும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கின்றன, இரண்டும் வெவ்வேறு குணம். வலந்தலையில் கரணைக்கும் (நடுவிலுள்ள கறுப்பு வட்டம்) விளிம்புக்கும் நடுவே மீட்டும் சாப்பும் விழுகின்றன. சுருதி அங்கே இருக்கிறது. இடது பக்கமான தொப்பியில் ரவை ஒட்டிய முகம், கும்கி, அடிக்கனம்.

ஒரே 57தான் இருக்கிறது என்றால், வாசிப்பவருக்கு எதிரே, கட்டையின் நடுவுக்கு நேராக, 30 முதல் 40 சென்டிமீட்டர் தள்ளி, தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். முனையை வலந்தலைப் பக்கம் சற்றே திருப்புங்கள். இதைவிட நெருங்கினால் இரண்டு முகமும் ஒதுங்கிப்போய்க் கட்டையின் மரச்சத்தம் முன்னால் வரும். வலந்தலைக்கு நேரே கொண்டுபோனால் சாப்பு பளிச்சென்று கேட்கும், ஆனால் தொப்பி காணாமல் போகும். தேர்வு ஒலிப்பதிவில் பரிசோதகருக்கு இடது கை கேட்காமல் போவது இப்படித்தான்.

இரண்டு மைக் கிடைத்தால் வலந்தலைக்கு 10 முதல் 15 சென்டிமீட்டரில் ஒன்று, விளிம்பின் மேலிருந்து கரணையைச் சாய்வாகப் பார்க்கும்படி. தொப்பிக்கு 15 சென்டிமீட்டரில் இன்னொன்று, உள்ளங்கை அறையும் காற்று நேரே வந்து தாக்காதபடி சற்றுப் பின்புறம் ஒதுக்கி. இப்போது ஒரு சோதனை கட்டாயம். வலந்தலையில் கை விழும்போது அந்தத் தோல் உள்ளே போகிறது, உள்ளே இருக்கும் காற்று தள்ளி எதிர்ப்பக்கத் தோல் வெளியே வருகிறது. ஒரு மைக்குக்கு இழுப்பு, இன்னொன்றுக்குத் தள்ளல். இரண்டையும் கூட்டும்போது அடிக்கனம் ஒன்றையொன்று தின்றுவிடலாம். மிக்சரிலோ மென்பொருளிலோ ஒரு தடத்தின் ஒலியலையைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை அழுத்தியும் விட்டும் ‘தோம்’ சொல்லைக் கேளுங்கள். எதில் தோம் நிறைந்து ஒலிக்கிறதோ அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டு விநாடி வேலை. இதைச் செய்யாமல் ஒரு மணி நேரம் பாஸைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

ஸ்டாண்டின் கால்கள் வாசிப்பவர் உட்கார்ந்திருக்கும் அதே மரமேடையில் இருந்தால், ஒவ்வொரு அடியும் மேடை வழியாக ஏறி மைக்கில் டொக்கென்று விழும். மடித்த துண்டு ஒன்றைக் காலுக்கடியில் போடுங்கள். அப்புறம், தரையில் உட்கார்ந்து வாசிக்கும் கச்சேரிக்குக் குட்டை பூம் ஸ்டாண்டுதான் சரி. நெட்டை ஸ்டாண்டைத் தாழ்த்திக் கையை நீட்டினால் அது முன்பக்கம் கவிழும். கவிழ்ந்து விழுவது 57ன் பிளாஸ்டிக் முகப்பின் மேல்தான்.

மற்ற கருவிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். வயலினுக்கு எஃப் துளைகளுக்கு மேலே 25 முதல் 30 சென்டிமீட்டர், வில் போய்வரும் வழியை விட்டு ஒதுங்கி. கூர்மை காதைக் குத்தினால் மைக்கை விரல்பலகைப் பக்கம் நகர்த்துங்கள், இனிமை கூடும். புல்லாங்குழலுக்கு ஊதும் காற்று நேரே வரும் இடத்தைத் தவிர்த்து, வாய்த்துளைக்கும் முதல் விரல்துளைக்கும் நடுவே, மேலிருந்து ஒரு சாண். தபேலாவுக்கு இரண்டுக்கும் நடுவே 20 சென்டிமீட்டர் உயரம். கடத்தை வயிற்றோடு அணைத்து வாசிக்கிறார் என்றால் பக்கவாட்டிலிருந்து. நாதஸ்வரத்தையும் தவிலையும் பற்றிக் கெயினில் கவலை வேண்டாம், கெயினைக் குறைப்பதில்தான் கவனம் வேண்டும். நாதஸ்வரத்தின் ஒலி அகன்ற அடிவாயான அணசிலிருந்து மட்டும் வருவதில்லை, விரல்துளைகளிலிருந்தும் வருகிறது. ஆகவே அணசின் வாய்க்குள் மைக்கை நீட்டாமல், ஒரு மீட்டர் தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்த்து வையுங்கள்.

வீணைக்கு மட்டும் 57ஐப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மீட்டலின் நீண்ட வால் மெல்லக் கரைந்துபோகும் அழகு, கெயினை உச்சத்துக்கு ஏற்றிய இரைச்சலில் மூழ்கிவிடுகிறது. வீணை, கிட்டார் போன்ற மெல்லிய கருவிகளை வீட்டில் பதிவதே முதல் நோக்கம் என்றால் ஏடி 2021, ரோட் எம்5 போன்ற சிறு தகட்டுக் கண்டென்சர் வாங்குங்கள். குடத்தின் பலகையிலிருந்து 20 முதல் 30 சென்டிமீட்டரில் வைத்தால் போதும்.

வீட்டில் எங்கே உட்காருவது

வீவக வீட்டில் அமைதியான இடம் என்று பலர் பாம் ஷெல்டருக்குள் மைக்கைக் கொண்டுபோகிறார்கள். தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, வெளிச்சத்தம் வராது; உண்மைதான். ஆனால் எதிரெதிர் வெறுஞ்சுவர்கள் நெருங்கி நிற்கும் சிற்றறையில் சில சுரங்கள் மட்டும் பொங்கும். அகலம் 1.8 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நம் வெப்பநிலையில் அந்த அகலத்தில் தங்கி நிற்கும் அலை 97 ஹெர்ட்ஸ் பக்கத்தில் விழும். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலின் மந்திர பஞ்சமம் 98 ஹெர்ட்ஸ். கீழே இறங்கிப் பஞ்சமத்தில் நிற்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஒரு சுரம் மட்டும் பானைக்குள் பாடியதுபோல் வீங்கும், பக்கத்துச் சுரங்கள் மெலியும். ஸ்பாஞ்சுத் தகடுகளைச் சுவரில் ஒட்டினால் உச்ச ஒலிகள் அடங்குமே தவிர இந்த வீக்கம் போகாது.

படுக்கையறையே மேல். மெத்தையும் திரையும் துணி நிறைந்த அலமாரியும் இருக்கும் அறை. அலமாரிக் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். மைக் உங்களைப் பார்க்கும். உங்களுக்குப் பின்னால் துணி இருக்கும். கார்டியாய்டு மைக் முன்னால் இருப்பதைத்தான் கேட்கும் என்பதால் துணி இருக்க வேண்டியது மைக்குக்கு முன்புறம், அதாவது பாடுபவரின் முதுகுப்பக்கம். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஸ்பாஞ்சை நிறுத்திவிட்டு எதிரொலி போகவில்லையே என்கிறார்கள்.

காற்றாடியையும் ஏசியையும் நிறுத்துங்கள். பதியத் தொடங்கும் முன் அரை மணி நேரம் ஏசியை ஓட்டி அறையைக் குளிர்வித்துவிட்டுப் பிறகு நிறுத்துவது வழக்கம். பாட்டுக்கு இது சரி. மிருதங்கத்துக்கு ஒரு சிக்கல் உண்டு: ஏசியின் உலர்ந்த காற்றில் இறுகிய தோல், ஈரம் திரும்ப ஏறும்போது தளர்ந்து சுருதி இறங்கத் தொடங்கும். ஒவ்வொரு பதிவுக்கு முன்னும் சுருதியைச் சரிபாருங்கள், இல்லாவிட்டால் முதல் பதிவையும் மூன்றாவது பதிவையும் ஒட்ட முடியாது. அதிகாலையில் பதியலாம் என்று நினைத்தால் குயில் விடாது. அதன் கூவல் குரலின் எல்லைக்குள்ளேயே விழுவதால் ஃபில்டர் போட்டு வெட்ட வழியில்லை. பக்கத்து வீட்டில் சுவர் துளைக்கும் வேலை இல்லாத பிற்பகலோ, குயில் ஓய்ந்த முன்னிரவோ நல்லது. இரவு பத்துக்கு மேல் தவிலை எடுக்க வேண்டாம் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மேடையில் ஊளை ஏன் வருகிறது

ஸ்பீக்கரின் ஒலி மறுபடி மைக்குக்குள் புகுந்து சுற்றுவதால் வருவதே ஊளை. 57, 58 இரண்டும் முதுகுப்பக்கம் நேர்பின்னால் மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கரை மைக்கின் வாலுக்கு நேர் எதிரே வையுங்கள். பீட்டா 57ஏ போன்ற சூப்பர்கார்டியாய்டு மைக்குகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றின் செவிட்டுப் பகுதி நேர்பின்னால் இல்லை, முன்முனையிலிருந்து சுமார் 126 டிகிரி தள்ளி இருபுறமும் இருக்கிறது. அதனால் மானிட்டரைப் பின்பக்க மூலைகளில் வைக்க வேண்டும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விட்டால் ‘விலை கூடிய மைக் வாங்கியும் ஊளையிடுகிறது’ என்ற புகார் வரும்.

57ன் தலைக்குக் கீழே வளையத்தைச் சுற்றி நீள்வெட்டுத் துளைகள் தெரியும். அவை அழகுக்கு அல்ல. பின்னாலிருந்து வரும் ஒலி அந்தத் துளைகள் வழியாக நுழைந்து ஒலித்தகட்டின் மறுபக்கத்தை அடைவதால்தான் மைக் பின்பக்கத்தைக் கேட்காமல் இருக்கிறது. அதை விரலாலோ டேப்பாலோ மூடினால் மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்கும், உடனே ஊளை. இளைஞர்கள் பாணிக்காக 58ன் உருண்டையைக் கைக்குள் பொத்திப் பிடிப்பதும் இதே கேடுதான். பிடியைப் பிடியுங்கள்.

திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும்போதெல்லாம் ஊளைக்கு முன் கிடைக்கும் அளவில் 3 டெசிபெல் போய்விடும். நவராத்திரி மாலையில் கோயில் மண்டபத்தில் எட்டு மைக் திறந்திருந்தால், ஒரே மைக்கோடு ஒப்பிட 9 டெசிபெல் இழப்பு. கல்லும் ஓடும் சூழ்ந்த மண்டபத்தில் அது பெரிய இழப்பு. வரவேற்புரை பேசியவரின் மைக்கை, கச்சேரி தொடங்கியதும் மூடிவிடுங்கள். தம்புராவுக்கு மைக் வேண்டாம், மின்சுருதிப் பெட்டியையோ கைப்பேசிச் செயலியையோ நேரே மிக்சரில் கொடுங்கள்.

ஒலி திடீரென்று மெலிந்து, அடிக்கனமே இல்லாமல் தகர டப்பா போல வந்தால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். எக்ஸ்எல்ஆர் கேபிளில் மூன்று இணைப்புகள்: 1 கவசம், 2ம் 3ம் ஒலி. 2 அல்லது 3 அறுந்துபோனால் டைனமிக் மைக் இப்படித்தான் ஒலிக்கும். கேபிளை மாற்றினால் தீரும். பதியும்போது ‘ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். முனகல் நின்றால் குற்றவாளி அதுதான், பேட்டரியில் ஓட்டிப் பதியுங்கள். கண்டென்சருக்கான 48 வோல்ட் ஃபேன்டம் பொத்தான் தவறுதலாக அழுத்தப்பட்டிருந்தாலும் நல்ல கேபிளில் 57க்குக் கேடில்லை. ஆனால் அது இயங்கும்போது கேபிளைப் பிடுங்கிச் செருகினால் ஸ்பீக்கரில் விழும் இடி, ஸ்பீக்கரைக் கெடுக்கும்.

வாங்கும் இடம், போலி, விலை

சிம் லிம் ஸ்கொயரிலும் கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள பெனின்சுலா ஷாப்பிங் சென்டரிலும் இசை, ஒலிக் கருவிக் கடைகள் உண்டு. 57 பொதுவாக 200 வெள்ளிக்குள் கிடைக்கும், விலை கடைக்குக் கடை மாறும். அதோடு 6 மீட்டர் கேபிள், குட்டை பூம் ஸ்டாண்டு, ஸ்பாஞ்சு உறை, ஒரே மைக் மாட்டும் இன்டர்ஃபேஸ் எல்லாம் சேர்த்து 500 வெள்ளி ஒதுக்கிக்கொள்ளுங்கள். கேபிளில் மிச்சம் பிடிக்க வேண்டாம். ஸ்டாண்டு வாங்கும்போது அதன் மரை எட்டில் ஐந்து அங்குலமா, எட்டில் மூன்று அங்குலமா என்று பாருங்கள். 57ன் கிளிப்போடு வரும் சிறு பித்தளை வளையம் இரண்டுக்கும் பொருத்தத்தான். அதைத் தொலைத்துவிட்டால் நிகழ்ச்சியன்று மைக் ஸ்டாண்டில் நிற்காது.

வெளிநாட்டு இணையக் கடையில் குறைந்த விலை தெரிந்தால் 9 சதவீதப் பொருள், சேவை வரியைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023 தொடக்கம் முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த இறக்குமதிகளும் வரிக்குள் வந்துவிட்டன. உத்தரவாதத்துக்கு அங்கே அனுப்பும் செலவையும் மறக்க வேண்டாம்.

57ம் 58ம் உலகத்தில் அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் அடங்கும். பாதி விலைக்கு ‘புத்தம் புதியது, பெட்டியோடு’ என்று கேரசல் இணையச் சந்தையில் வந்தால் ஒரு சமையலறைத் தராசைக் கையில் எடுத்துப் போங்கள். அசல் 57ன் எடை 284 கிராம், 58ன் எடை 298 கிராம். போலி பெரும்பாலும் கைக்கு இலேசாகவே தெரியும். எம்ஆர்டி வாசலில் சந்தித்து வாங்கும்போது ஒலியைச் சோதிக்க வழியிருக்காது, எடையைச் சோதிக்கலாம். சுவிட்ச் வைத்த 58 அசலிலும் உண்டு, அதன் பெயர் 58எஸ். 

57 கிடைக்கவில்லை அல்லது பாட்டுதான் முக்கியம், கருவி எப்போதாவதுதான் என்றால் சென்ஹைசர் இ 835 நல்ல தேர்வு. 94 டெசிபெல்லுக்கு 2.7 மில்லிவோல்ட் தருவதால் கெயினில் நாலரை டெசிபெல் மிச்சம். இன்டர்ஃபேஸ் வாங்கப் பணம் இல்லாத மாணவருக்கு சாம்சன் கியூ2யூ. அதில் யுஎஸ்பியும் எக்ஸ்எல்ஆரும் இரண்டும் இருக்கின்றன. இன்று கணினியில் நேரே செருகிப் பதியலாம், நாளை அதையே மேடை மிக்சரில் மாட்டலாம். யுஎஸ்பி மட்டும் உள்ள மைக்கை மேடைக்குக் கொண்டுபோக முடியாது. இதை வாங்கிய பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறைய.

வாங்கியதை வைத்திருக்கும் முறை எளிது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் ஸ்பாஞ்சு உறையைக் கழற்றி, சிறிது சோப்பு நீரில் அலசி, முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஈர உறையோடு பையில் போட்டு ஜிப்பை இழுத்தால் இங்கே மூன்றே நாளில் பூஞ்சை வாடை வரும், அடுத்து அந்த மைக்கில் பாடுபவர் மூச்சு இழுக்கும்போது அதைத்தான் இழுப்பார். 58 என்றால் கம்பிவலைத் தலையை மரை திருகிக் கழற்றி உள்ளே உள்ள ஸ்பாஞ்சோடு கழுவலாம். 57ன் முகப்பைக் கழற்ற முயலாதீர்கள். அது தன் இடத்தில் சுழலும், அது இயல்பு. திருகிக்கொண்டே போனால் உடையும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். கண்டென்சரும் வைத்திருப்பவர்கள் கேமராவுக்கு வைக்கும் உலர் பெட்டியில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். ஏசி அரங்கிலிருந்து வெளியே கொண்டுவரும்போது பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் விட்டுப் பிறகு திறவுங்கள்.